பின்கட்டில் எத்தனை கோடு

அந்த வாரம் முழுக்க நான் கத்திய வார்த்தைகள் இரண்டே இரண்டு. ஒன்று "ஒரு கோடு". இன்னொன்று "இல்லை". ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கும் சன்னலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கையில் பிடித்த போனின் மூலையில் எத்தனை கோடு தெரிகிறது என்று பார்த்து, ஹால் பக்கம் நின்று இன்டர்நெட்டைச் சரிசெய்யும் தண்டபாணிக்குச் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு இப்படி ஓர் உத்தியோகம்.

போன் என்னுடையது இல்லை. என் அண்ணன் மகள் தஸ்லீமாவுடையது. அவளைக் கட்டிக்கொள்ளப் பேசியிருந்த பாசில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. வெறும் போன்தான் வந்தது. ரங்கூனில் ஒரு சிம் கார்டு வாங்குகிற விலைக்கு ஊர் எல்லையில் லைங் தாயாவில் குடிசையோடு ஒரு மனை வாங்கிவிடலாம். அதனால் அந்தப் போன் பேச வேண்டுமென்றால் வீட்டில் இருக்கும் கம்பியில்லா இன்டர்நெட்டைப் பிடித்தால்தான் உண்டு. இன்டர்நெட் ஹாலில் இருந்தது, தஸ்லீமா பின்கட்டில் இருந்தாள். சங்கதி இவ்வளவுதான்.

வீடு ரங்கூன் அலோனில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பக்கத்தில், என் பாட்டனார் கட்டியது. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. மாடியை ஒரு பர்மியக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கீழே முன்பக்கம் ஹால், அது ஆண்களுடையது. என் அண்ணன் அப்துல் அஜீஸ் உளுந்துத் தரகர். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். காக்காவைத் தேடிக் காலையில் வருகிற ஆட்கள் சாயங்காலம் வரை டீயைக் குடித்துக்கொண்டு, உளுந்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எழுதிக் கேட்பதற்காகப் போன வருஷம் டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் வாங்கி, இரண்டு கொம்பு வைத்த ஒரு பெட்டியை ஹால் அலமாரி மேல் வைத்தார் காக்கா. பின்பக்கம் பெண்கள் எங்களுடையது. நாங்கள் ஹாலுக்குப் போவதில்லை, வெளி ஆண்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. தஸ்லீமாவின் உம்மா காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பின்கட்டில் நானும் அவளும்தான்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பாசிலின் தாய்மாமா அப்துல் ரவூப் சம்மதம் கேட்க வருவதாக ஏற்பாடு. சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, இன்னாருக்கு உன்னைக் கட்டிக்கொடுக்கச் சம்மதமா என்று மூன்று தடவை கேட்பார்கள். பெண் சம்மதம் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. வாயைத் திறக்காவிட்டால் வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, சாட்சிக்கு நிற்பவர் சம்மதம் என்று சொல்லிவிடுவார். அழுதாலும் சம்மதம்தான், பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்பார்கள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் என்னையும் அதே சன்னலில்தான் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. மாப்பிள்ளை தாய்லாந்து எல்லையில், மியாவடியில் வியாபாரம் செய்கிறார், என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு போவாரா, இல்லை தன் தாயாருக்குச் சோறு பொங்கிப்போட விட்டுவிட்டுப் போவாரா என்று. அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. பன்னிரண்டு வருஷம் மாமியார் வீட்டில் இருந்து விடையைத் தெரிந்துகொண்டேன். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்துபோனவர், எல்லையிலேயே காய்ச்சல் கண்டு மௌத்தானார். முப்பத்தோரு வயதில் காக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். இதைச் சொல்லி இப்போது யாரையும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

தஸ்லீமாவுக்கும் அதே கேள்விதான் வந்தது. பாசிலின் தாயார் இதே ஊரில், தின்கன்ஜூனில் தனியாக இருக்கிறார். "மாமி, அவர் என்னைக் கூட்டிட்டுப் போவாரா, இல்ல அவங்க உம்மாவுக்குத் துணைக்கு வச்சிட்டுப் போவாரா? இதை அவர் வாயால கேட்டுட்டாப் போதும். அப்புறம் நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றாள். இருபத்து மூன்று வயதில் எனக்கு இல்லாத தெளிவு அவளுக்கு இருந்தது.

கேட்பது அவ்வளவு சுலபமா? டெலிபோனும் ஹாலில், கம்ப்யூட்டரும் ஹாலில். கம்ப்யூட்டரில் எழுதிக் கேட்டால் வருகிற பதிலைக் காக்காவுக்கு முன்னால் படிப்பது அவரிடம் வேலை பார்க்கும் அமீர் அலி. பாசிலுக்குப் புதன்கிழமைதான் லீவு. முந்தின புதன்கிழமை, நடைக்கதவுப் பக்கம் நின்றால் இரண்டு கோடு வருகிறது என்று அங்கே போய் நின்று பேசினாள். கேள்வியைக் கேட்டுவிட்டாள். பதில் "நான்... உம்மா... ரெண்டு..." என்று துண்டு துண்டாக வந்து அறுந்துபோனது. ஹாலுக்குள் இருந்து அமீர் அலி தொண்டையைக் கனைத்தார். பெண் முகம் சிவந்து உள்ளே ஓடி வந்தாள்.

நான் காக்காவை நடைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கேள்வி என்னவென்று சொல்லவில்லை, பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பேசட்டும், ஆனால் உள்ளே இருந்தே பேசட்டும் என்றார். சனிக்கிழமை தண்டபாணியை வரச் சொன்னார்.

தண்டபாணி டிஷ் ஆன்டெனா கட்டுகிறவன், இப்போது இன்டர்நெட்டும் பார்க்கிறான். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி, அவன் பேசுகிற தமிழில் பாதி பர்மியம். நல்ல பிள்ளை. நாற்பது வயதுப் பிள்ளை. ஆனால் வெளி ஆண், பின்கட்டுக்குள் வர முடியாது. வீட்டின் பாதியைப் பார்க்காமலே மீதிப் பாதிக்கு வைத்தியம் செய்ய வேண்டும். அதனால்தான் எனக்கு அந்த முக்காலி உத்தியோகம்.

முதலில் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தான். நான் "இல்லை" என்றேன். சாமான்கள் நடுவில் நிற்காமல் உயரத்தில் இருக்கட்டும் என்று சுவரில் ஆணியடித்து மாட்டினான். "இல்லை." கொம்பு இரண்டையும் சாய்த்தான், நிமிர்த்தினான். "ஒரு கோடு... போச்சு." இன்னொரு பெட்டி வாங்கிப் பின்கட்டில் வைத்தால் ஒரு நிமிஷ வேலை, ஆனால் பாங்காக்கிலிருந்து வர வேண்டும், பத்து நாள் ஆகும் என்றான். இதே பெட்டியை இந்தப் பக்கம் கொண்டுவாயேன் என்றேன். டெலிபோன் கம்பி பாட்டன் காலத்துப் பழசு, அதை அவிழ்த்தால் மறுபடி ஒட்டுமோ ஒட்டாதோ, இருக்கிற கம்பி சன்னல்வரைதான் எட்டும் என்றான்.

அப்படியானால் சன்னலிலேயே வைக்கலாமே என்றேன் நான். சொன்னது நானேதான். சன்னலுக்கு ஹால் பக்கம் எப்போதும் பச்சைத் துணித் திரை தொங்கும். தண்டபாணி மரியாதை தெரிந்தவன், அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. பின்னால் இருப்பது திறந்த இடம்தானா என்று கேட்டான்.

"காத்து வருது, சத்தம் வருது, நான் மீன் பொரிச்சா வாசம் உங்க பக்கம் வருது. இதைவிட என்னப்பா திறந்த இடம் வேணும்?" என்றேன்.

பெட்டியைத் திரைக்கு முன்னால், சன்னல் விளிம்பில் வைத்தான். எனக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. ஒரு கோடு எழுந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பால் டின்னை வெட்டி வளைத்துக் கொம்புக்குப் பின்னால் நிறுத்தினான். திங்கட்கிழமை கரண்ட் போய்விட்டது, வந்த பிறகு மறுபடி ஆரம்பித்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. உன் பெட்டிக்குக் கண் அவிந்துபோச்சா, உனக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு முழம் தூரத்துக்கு இப்படி ஆகக் கூடாது, எங்கேயோ தப்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை, டீயைக் குடித்துக்கொண்டே திரைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கதை சொன்னான். லைங் தாயாவில் ஒரு தையல் ஃபேக்டரி. அங்கே நூல்கண்டு வைக்கிற அறையில் மட்டும் இன்டர்நெட் பிடிக்காது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டானாம். கடைசியில் பார்த்தால் எலிக்குப் பயந்து அந்த அறையைச் சுற்றி மாவுச் சல்லடை மாதிரி கம்பிவலை அடித்திருக்கிறார்கள். காற்று போகும், வெளிச்சம் போகும், இது மட்டும் போகாது, இரும்பைக் கண்டால் நின்றுவிடும் என்றான். சொல்லிவிட்டு, பர்மியர்கள் மூத்த பெண்களை அழைப்பதுபோல் பேருக்கு முன்னால் 'டோ' போட்டுக் கேட்டான்.

"டோ ஹமீதா, உங்க பக்கம் சன்னல்ல அப்படி ஏதும் இருக்கா?"

என் மூக்குக்கு நேராக இருந்தது அது. இரண்டு அடுக்கு. கம்பிவலைக்கு மேல் கம்பிவலை, சுற்றிலும் நெருக்கமாக ஆணி. இருபத்து மூன்று வருஷமாக அதன் வழியாகத்தான் ஹால் பேச்சைக் கேட்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை. நான் பதில் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இல்லை என்று எடுத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று போய்விட்டான்.

அந்த வலையை அடிக்கச் சொன்னது நான். காக்கா இல்லை, எங்கள் வாப்பா இல்லை, நான். முன்பு அங்கே திரை கிடையாது, இருந்தது மரச்சட்டம்தான், விரலை நுழைக்கலாம். கணவனை இழந்து திரும்பி வந்த மறு வருஷம், ஹாலில் இருந்த யாரோ ஒருவர் காக்காவிடம், உங்கள் தங்கச்சிக்கு இன்னும் சின்ன வயசுதானே, பாவம் என்றார். சட்டத்தின் வழியாக என் பக்கம் திரும்பியும் பார்த்தார். அந்தப் பாவத்தை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே ஆளைக் கூப்பிட்டுச் சட்டத்தைப் பிடுங்கிப் போட்டு, வலையை இரண்டு அடுக்காக அடித்துத் திரையும் போட வைத்தேன். என்னை யாரும் பார்த்து இரக்கப்பட வேண்டாம் என்று செய்த வேலை. அது இல்லாமல் அந்த முக்காலியில் எப்படி உட்காருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

சாயங்காலம் தஸ்லீமா ஒரு தாளில் கேள்வியை எழுதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். குரல் அறுந்தாலும் புரிகிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியிருந்தாள். என்னைப் பார்த்ததும் தாளை மடித்தாள்.

"விடுங்க மாமி. கிடைக்கலன்னா பரவாயில்ல. வெள்ளிக்கிழமை பேசாம இருந்துடறேன். நீங்களும் அப்படித்தானே இருந்தீங்க."

குத்திக்காட்டச் சொல்லவில்லை அவள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

புதன்கிழமை காலையில், தண்டபாணி வந்து திரைக்கு அந்தப் பக்கம் இருமியதும், நான் இடுக்கியையும் தகரம் வெட்டுகிற கத்திரியையும் எடுத்தேன். மூலையில் ஆரம்பித்தேன். ஆணி ஒவ்வொன்றும் துருப்பிடித்து மரத்தோடு மரமாக இருந்தது. கரக் கரக் என்ற சத்தம் ஹால்வரை கேட்டிருக்கும். பேச்சு நின்றது. காக்கா எல்லாரையும் டீக்கடைக்குப் போகச் சொல்வது கேட்டது. பிறகு அவர் திரையைத் தூக்கினார்.

அந்தச் சன்னலில் அவர் முகத்தை வலையும் சட்டமும் இல்லாமல் அப்போதுதான் பார்த்தேன். நடையில் தினமும் பார்க்கிற முகம்தான், இருந்தாலும் அங்கே வேறு மாதிரி இருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

"தெரியலயா? அந்த ஓரத்தைப் பிடிங்க காக்கா. கையைக் கிழிச்சுக்காதீங்க" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் பிடித்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் துரு. முதல் அடுக்கு வந்தது, இரண்டாவதும் வந்தது. தண்டபாணி எங்களுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் போனை எடுத்துப் பார்த்தேன். "நாலு" என்றேன். அவன் திரும்பாமலே "யாபீ" என்றான். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இருக்கா என்று கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. அவனை ஏசியதற்கு நானும் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். காக்கா திரையை மறுபடி இறக்கிவிட்டார்.

மூன்று மணிக்குப் பாசில் கூப்பிட்டான். ஹாலில் யாரும் இல்லை, காக்கா பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கேட்டேன். தஸ்லீமா தாளைப் பார்க்காமலே கேட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி வந்தது.

"நீங்க உம்மாவோட இருக்கச் சம்மதிச்சிட்டதா உம்மா என்கிட்ட சொன்னாங்களே?"

"என்கிட்ட யாரும் கேக்கல."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கோடு போய்விட்டதோ என்று நான் பதறி எட்டிப் பார்த்தேன். நான்கும் இருந்தன. பேசாமல் இருந்தது அவன்தான். கடைசியில் சொன்னான், இப்போது இருக்கிற வேலையில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கிடையாது, அடுத்த வருஷம் வேறு வேலை கிடைத்தால் முடியும், கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று. யோக்கியன். மழுப்பாமல் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. தஸ்லீமா நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வாப்பாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் மாமி, வெள்ளிக்கிழமை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சொல்லுவாளா என்று எனக்குச் சந்தேகம். அந்த இடத்தில் நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ரவூப் மாமா அத்தர் வாசனையோடு வந்தார். சாட்சிக்கு அமீர் அலியும் இன்னொருவரும். காக்கா ஒரு ஓரத்தில் நின்றார். நாங்கள் இருவரும் திரைக்கு இந்தப் பக்கம். தஸ்லீமாவின் கை என் கையில் இருந்தது.

முதல் தடவை கேட்டார். அவள் பேசவில்லை. இரண்டாம் தடவை கேட்டார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அமீர் அலி சம்மதம் சொல்வதற்குத் தொண்டையைச் சரிசெய்வது கேட்டது. நானே கத்திவிடலாமா என்று இருந்தது. கத்தவில்லை, கையை இறுக்கிப் பிடித்தேன். மூன்றாம் தடவை கேட்டார்.

"இப்ப எனக்குச் சம்மதம் இல்ல மாமா" என்றாள் தஸ்லீமா. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. "குடும்பத்தைக் கூட்டிட்டுப் போற வேலை அவருக்குக் கிடைக்கட்டும். அன்னிக்கு வந்து கேளுங்க. அன்னிக்குப் பதில் சொல்றேன்."

பிறகு ரவூப் மாமா, இது என்ன புதுப் பழக்கம், பெண்பிள்ளை இப்படிப் பேசலாமா, நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்று காக்காவிடம் கேட்டார். காக்கா என்ன சொல்வாரோ என்று நான் திரையையே பார்த்தேன்.

"அவகிட்டத்தானே கேட்டீங்க. அவ சொல்லிட்டா" என்றார் காக்கா.

ரவூப் மாமா டீயைத் தொடாமல் போனார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். தஸ்லீமா அறைக்குள் போய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனைப் பிடித்திருந்தது அவளுக்கும்தான். அழுது முடிக்கட்டும் என்று விட்டேன்.

நான் சன்னலடியில் கிடந்த துருப்பிடித்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் காக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து நிற்பது காலடியில் தெரிந்தது.

"ஹமீதா" என்றார். "அன்னிக்கு உன்னைக் கேட்டப்போ சாட்சியா நின்னது நான்தான். நீ அழுதது கேட்டுச்சு. நீ எதுக்கு அழுவுறேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சம்மதம்னு நான்தான் சொன்னேன்."

முப்பத்தாறு வருஷம். எத்தனை தடவை இதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஏசுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன்.

"தெரியும் காக்கா" என்றேன். "அன்னிக்கு நீங்களும் மூக்கை உறிஞ்சினது எனக்குக் கேட்டுச்சு."

அடுப்பில் ரவூப் மாமாவுக்குப் போட்ட டீயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. சூடு பண்ணி ஒரு கோப்பையில் ஊற்றினேன். இத்தனை வருஷமாக டீ நடையைச் சுற்றிக்கொண்டுதான் ஹாலுக்குப் போகும். அன்று திரைக்குக் கீழே கையை நீட்டி, சன்னல் வழியாகவே கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.